சுக்கினிப் பிஞ்சு வெம்பாமல் காயாக

முதல் முறை நான் வைத்த இரண்டு சுக்கினிச் செடிகளும் பார்க்க அவ்வளவு செழிப்பாக இருந்தன. ஒவ்வொரு இலையும் சாப்பாட்டுத் தட்டு அகலம். தினம் இரண்டு மூன்று மஞ்சள் பூ. பெண் பூவின் அடியில் பிஞ்சும் வந்தது. ஆனால் விரல் நீளம் வந்ததும் அதன் நுனி மஞ்சளாகும், தொட்டால் கொழகொழவென்று இருக்கும், மூன்றாம் நாள் கீழே கிடக்கும். அந்தப் பருவத்தில் 17 பிஞ்சுகள் இப்படி வெம்பி விழுந்தன. முழுதாக வந்தவை இரண்டே காய்கள்.

சத்துக் குறைவாக இருக்கும் என்று நினைத்து உரம் போட்டேன். இலைதான் இன்னும் பெரிதானது. தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன், தொட்டியை இடம் மாற்றினேன். எதற்கும் பலன் இல்லை. அடுத்த முறை ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, எந்தப் பூ எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று எழுத ஆரம்பித்தேன். நான்கு நாளில் விஷயம் புரிந்துவிட்டது. வேலை முடிந்து மாலையில்தான் நான் செடியைப் பார்ப்பது வழக்கம். சுக்கினியின் எல்லாக் காரியமும் காலை ஒன்பது, பத்து மணிக்குள் முடிந்துவிடுகிறது.

இந்தக் குழப்பத்தில் பெயருக்கும் பங்கு உண்டு. சீமைச் சுரைக்காய் என்று பலர் சொல்வதால், அதற்கு முன் சுரை வளர்த்த பழக்கத்தில் இதையும் சுரையைப் போலவே நடத்தினேன். சுரையின் வெள்ளைப் பூ பொழுது சாயும்போது விரியும். மாலையில் போய் நின்றால் அந்தச் செடியோடு வேலை பார்க்கலாம். சுக்கினி அப்படி இல்லை. அது பூசணி இனம். குக்குர்பிட்டா பெப்போ என்பது அதன் தாவரவியல் பெயர். விடியும்போது விரிகிற மஞ்சள் பூ, வெயில் ஏறியதும் சுருண்டுகொள்ளும். ஒரு பூவுக்கு ஒரே ஒரு காலைதான். மறுநாள் அது திறக்காது.

எனவே இதைப் படிக்கிற நீங்கள் ஏற்கெனவே செடி வைத்து, பிஞ்சு விழுகிறதே என்ற கவலையில் வந்திருந்தால், நடவுப் பகுதியைத் தாண்டி நேராகப் பூ பற்றிய பகுதிக்குப் போய்விடுங்கள்.

விதையிலிருந்து செடி வரை

இந்தப் பகுதி கடினமே இல்லை. சுக்கினி விதை பெரியது, பிடிவாதம் இல்லாதது. மண் கதகதப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மண்ணின் வெப்பம் 20 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு வாரத்தில் முளை தெரியும். 15 டிகிரிக்குக் கீழே போனால் விதை முளைப்பதற்கு முன் அழுகிவிட வாய்ப்பு அதிகம். உறைபனி விழும் இடத்தில் இருப்பவர்கள் அது முழுக்க நின்ற பிறகுதான் வெளியே நட வேண்டும். ஒரே இரவின் உறைபனி செடியைக் கருக்கிவிடும். வெயில் கொளுத்தும் இடத்தில் இருப்பவர்கள், பூக்கும் நாட்கள் கடும் கோடையில் விழாதபடி கணக்குப் போட்டு விதைக்க வேண்டும். விதைத்த ஐந்து, ஆறு வாரத்தில் பூ வரத் தொடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விதையை இரண்டு செண்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினால் போதும். முடிந்தால் செடி நிரந்தரமாக இருக்கப்போகும் இடத்திலேயே ஊன்றுங்கள். சுக்கினிக்கு வேரைக் கலைத்தால் பிடிக்காது. நாற்று விட்டுத்தான் நட வேண்டும் என்றால், காகிதக் கோப்பையில் விட்டு, முதலில் வரும் விதையிலைகளுக்குப் பின் இரண்டு மூன்று உண்மை இலை வந்ததும் மண் உதிராமல் அப்படியே இறக்கி வைக்கலாம். ஒரு மாதத்துக்கு மேல் கோப்பையில் தங்கிய நாற்று அப்புறம் தேறி வர நாளாகிறது.

தொட்டி விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நான் முதலில் வைத்தது 15 லிட்டர் தொட்டி. நண்பகலில் இலையெல்லாம் தொங்கிப்போகும். இப்போது ஒரு செடிக்கு 40 லிட்டர் கொள்கிற தொட்டி வைத்திருக்கிறேன். அதில் இரண்டு செடியை நெருக்கி வைக்கும் ஆசை எனக்கும் வந்தது, வைக்காதீர்கள். தரையில் நடுவதானால் செடிக்குச் செடி முக்கால் மீட்டராவது இடைவெளி விடுங்கள். தினம் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் பட வேண்டும். மண் கலவையில் பாதி தோட்டத்து மண், கால் பங்கு நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ, மீதி தென்னை நார்க்கழிவு. தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும், அதே நேரம் ஒரு நாள் வெயிலுக்கே காய்ந்தும் போகக்கூடாது.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விதைக்கும் அன்றே முடிவு செய்ய வேண்டியது இது. இடம் இருந்தால் இரண்டு செடியாவது வையுங்கள். காய் அதிகம் வேண்டும் என்பதற்காக இல்லை. ஒரே செடியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே காலையில் விரிவது எப்போதும் நடக்காது. இரண்டாவது செடி இருந்தால் அந்த நாட்கள் வீணாவது குறையும். என் நோட்டில் ஒற்றைச் செடியாக இருந்தபோது மொத்தம் ஒன்பது பெண் பூக்கள் துணையில்லாமல் மூடியிருக்கின்றன. மூன்று செடி வைத்த பருவத்தில் அப்படிப் போனது ஒன்றே ஒன்று.

பூவைப் படிப்பது

சுக்கினியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. இரண்டும் ஒரே செடியில் வரும். ஆண் பூ மெல்லிய நீண்ட காம்பில் உயரமாக நிற்கும். உள்ளே நடுவில் ஒற்றைத் தண்டு, அதன் மேல் மஞ்சள் பொடி. பெண் பூ குட்டையாகத் தண்டை ஒட்டி உட்கார்ந்திருக்கும். அதன் அடியில் சுண்டுவிரல் அளவில் ஒரு குட்டிச் சுக்கினி. உள்ளே எட்டிப் பார்த்தால் மூன்று மடிப்பாகப் பிரிந்த, பிசுபிசுப்பான சூல்முடி தெரியும்.

அந்தக் குட்டிச் சுக்கினியைப் பார்த்துவிட்டு, காய் பிடித்துவிட்டது என்று நினைத்துத்தான் நான் ஏமாந்தேன். அது காய் இல்லை, பூவின் சூற்பை. மகரந்தம் சேர்ந்தால் மட்டுமே அது காயாகும். சேராவிட்டால், உள்ளே இருந்த சத்தை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் பச்சையாக இருந்துவிட்டு வெம்பிவிடும். உரம் போட்டு அதைக் காப்பாற்ற முடியாது.

ஆரம்பத்தில் ஒரு வாரம், பத்து நாள் ஆண் பூ மட்டுமே வருவது சகஜம். கவலைப்பட வேண்டாம், பறித்தும் எறிய வேண்டாம். தேனீக்கள் உங்கள் செடியைக் கண்டுபிடிப்பது அந்த நாட்களில்தான். சில சமயம் குளிர் நாட்களில் இது தலைகீழாகவும் நடக்கும். முதலில் பெண் பூ வந்து, ஆண் பூ இல்லாமலே வாடிப்போகும். அதற்கும் காத்திருப்பதுதான் மருந்து.

மூன்று வாரம் தாண்டியும் பெண் பூவே இல்லை என்றால் யோசிக்க வேண்டும். பெரும்பாலும் மூன்றில் ஒரு காரணம் இருக்கும். வெப்பம் அதிகம், பகல் நீண்டு, இரவும் புழுக்கமாக இருக்கும்போது செடி ஆண் பூக்களையே தள்ளும். அல்லது நிழல். அல்லது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், அதிகம். நான் முதல் முறை அள்ளிப் போட்ட உரம் செய்த வேலை கடைசிக் காரணம்தான். அடர்பச்சையில் இலை தளதளவென்று பெருத்து, பூ குறைந்தால், தழைச்சத்துள்ள உரத்தை நிறுத்துங்கள். பூக்க ஆரம்பித்த பிறகு சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடுதலாக உள்ள உரத்தை, தக்காளிக்குப் போடுவதைப் போல, பத்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை கொடுத்தால் போதுமானது.

காலையில் செய்ய வேண்டியது

சுக்கினியின் மகரந்தம் பெரியது, கனமானது, ஒட்டும் தன்மை உள்ளது. காற்றில் பறக்காது. தேனீயோ வண்டோ சுமந்து போக வேண்டும்; அதுவும் ஒரு முறை வந்துபோனால் போதாது, பல முறை வர வேண்டும். என் செடிகள் இருப்பது நான்காவது மாடி பால்கனியில். ஒரு பருவம் முழுக்கக் கவனித்ததில், தேனீ வந்த காலைகளை விரல் விட்டு எண்ணலாம். அதனால் அந்த வேலையை நானே செய்கிறேன். தரையில் தோட்டம் உள்ளவர்களுக்கும் மழை நாளில், குளிர் நாளில் தேனீ வெளியே வராதபோது இது கைகொடுக்கும்.

முந்தின நாள் மாலையே ஒரு சுற்று பார்த்துவிடுவேன். நாளைக்கு விரியப்போகும் மொட்டின் நுனி பச்சை மாறி மஞ்சளாகியிருக்கும், தொட்டால் உப்பினாற்போல் இருக்கும். எத்தனை ஆண், எத்தனை பெண் என்று எண்ணிக்கொள்வேன். இரவு மழை வரும் போலிருந்தால் பெண் மொட்டின் மேல் ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து வைப்பேன். நனைந்த பூவில் மகரந்தம் வீணாகிவிடுகிறது.

மறுநாள் காலை ஆறரை, ஏழு மணி. பூ முழுக்க விரிந்திருக்கும். அன்று விரிந்த ஆண் பூவாகப் பார்த்து, நடுத்தண்டை விரல் நுனியால் லேசாகத் தொடுங்கள். விரலில் மஞ்சள் பொடி ஒட்டினால் மகரந்தம் தயார். ஒட்டவில்லை, ஈரமாக இருக்கிறது என்றால் அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். பொடி ஒட்டியதும் அந்த ஆண் பூவைக் காம்போடு கிள்ளி, இதழ்களை மட்டும் உரித்துவிடுங்கள். கையில் இப்போது தீக்குச்சி மாதிரி ஒரு காம்பும், தலையில் மகரந்தமும் இருக்கும். அதைப் பெண் பூவுக்குள் விட்டு, சூல்முடியின் மூன்று மடிப்பிலும், எல்லாப் பக்கமும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். அழுத்திக் குத்த வேண்டாம். மஞ்சள் பொடி சூல்முடியில் ஒட்டியிருப்பது கண்ணுக்கே தெரியும்.

எல்லாப் பக்கமும் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் மகரந்தம் பட்டால் விதைகளும் ஒரு பகுதியில் மட்டுமே உருவாகும். காய் காம்புப் பக்கம் பருத்து நுனி சூம்பியோ, ஒரு பக்கமாக வளைந்தோ வரும். வண்ணம் தீட்டும் தூரிகையால் செய்யலாம் என்று பலர் சொல்வார்கள். நானும் செய்து பார்த்தேன். பாதி மகரந்தம் தூரிகை மயிரிலேயே தங்கிவிடுகிறது. பூவை வைத்தே தடவுவது எனக்குச் சரியாக வருகிறது. ஓர் ஆண் பூ இரண்டு, மூன்று பெண் பூவுக்குத் தாங்கும். ஆண் பூ நிறைய இருந்தால் ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூவைத் தடவுங்கள், இன்னும் நல்லது.

வெயில் காலத்தில் இந்த வேலையை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் மகரந்தம் சீக்கிரம் வலுவிழக்கும். மதியம் செய்தது எதுவும் என்னிடம் பிடித்ததில்லை.

முடிந்ததும் அந்தப் பூவின் காம்பில் ஒரு நூலைக் கட்டி விடுகிறேன். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று அப்புறம் தெரிய வேண்டுமே. பிடித்தது என்றால் பூ வாடிச் சுருண்டாலும் பிஞ்சின் பளபளப்பு குறையாது. மூன்றாம் நாள் பருமன் கூடியிருக்கும். கையால் தடவ ஆரம்பித்த முதல் பருவத்தில் நான் நூல் கட்டியவை 26 பூக்கள். அவற்றில் 21 காயாகின. முந்தைய வருடம் இரண்டே காய் பறித்தவருக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

விடிகாலையில் இதற்கு நேரம் ஒதுக்கவே முடியாது என்கிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. மகரந்தம் சேராமலே காய்க்கும் ரகங்கள் இருக்கின்றன. பார்த்தெனான், காவிலி என்ற பெயர்களில் வரும் கலப்பு ரகங்கள் அப்படிப்பட்டவை. தேனீ வராத உயரத்திலும், வலைக்குடிலுக்குள்ளும் அவை காய்க்கும். விதைப் பொட்டலத்தில் இது குறிப்பிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

மகரந்தம் சேர்ந்த பிறகும் விழுந்தால்

சில சமயம் எல்லாம் சரியாகச் செய்தும் பிஞ்சு விழும். செடியில் ஏற்கெனவே நான்கைந்து காய் ஏறியிருந்தால், புதுப் பிஞ்சைச் செடியே உதிர்த்துவிடும். முதிர்ந்ததைப் பறித்துவிட்டால் சரியாகிவிடும்.

பிஞ்சு வளர்ந்து, நுனி மட்டும் பழுப்பாகித் தோல் போல ஆனால் அது தண்ணீர்ப் பிரச்சினை. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் கொட்டினால், மண்ணில் சுண்ணாம்புச்சத்து இருந்தாலும் அது காயின் நுனிவரை போய்ச் சேராது. சுண்ணாம்புச்சத்து வாங்கிப் போடுவதற்கு முன் தண்ணீரை ஒழுங்கு செய்யுங்கள். விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லை என்றால் ஊற்றுங்கள். தூரில் மெதுவாக, வடியும் வரை. காய்ந்த சருகாலோ வைக்கோலாலோ மூடாக்கு போட்டால் பாதிக் கவலை தீரும். உச்சி வெயிலில் இலை தொங்குவதைப் பார்த்துப் பதறி ஊற்ற வேண்டாம். அவ்வளவு பெரிய இலை அந்த நேரத்தில் தொங்கத்தான் செய்யும். பொழுது சாய்ந்தும் நிமிரவில்லை என்றால்தான் தண்ணீர் கேட்கிறது.

வாடிய பூ ஈரத்தோடு காயின் நுனியில் ஒட்டிக்கொண்டே இருந்தால் அதிலிருந்து அழுகல் காய்க்குள் இறங்கும். மழைக்காலத்தில், தடவிய மூன்றாம் நாள் அந்தப் பூவை மெல்லத் திருகி எடுத்துவிடுங்கள்.

இலை

நரம்புகளை ஒட்டி வெள்ளி நிறத் திட்டுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பல ரகங்களுக்கு அது இயல்பான நிறம். விரலால் தேய்த்துப் பாருங்கள், போகாது. மாவு தூவினாற்போல வெள்ளை படர்ந்து, தேய்த்தால் விரலில் ஒட்டுகிறது என்றால் அது சாம்பல் நோய். வயதான செடிக்கு அனேகமாக அது வந்தே தீரும். பாலும் தண்ணீரும் கலந்து தெளிப்பது வெறும் வீட்டு வைத்தியம் இல்லை. 1999ல் பிரேசில் ஆய்வாளர் வாக்னர் பெட்டியோல் சுக்கினிச் செடிகளிலேயே பசும்பாலைத் தெளித்துப் பார்த்து, நோய் கட்டுப்படுவதை வெளியிட்டிருக்கிறார். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், வாரம் ஒரு முறை, இலையின் இரண்டு பக்கமும். நோய் முற்றிய பிறகு இது உதவாது. முதல் வெள்ளைப் புள்ளியிலேயே தொடங்க வேண்டும்.

அடியில் தரையைத் தொடும் பழைய இலைகளைத் தண்டை ஒட்டி வெட்டிவிடுங்கள். ஒரே நாளில் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். தண்டை ஒரு குச்சியில் கட்டி நிமிர்த்தினால் காற்று புகும், பூவும் கண்ணில் படும். இலைக்காம்பில் சுணை உண்டு, முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சினாலே பெரும்பாலும் போதும். வேப்பெண்ணெய் தெளிப்பதானால் மாலையில், பூக்கள் மூடிய பிறகு மட்டும். காலையில் தெளித்தால் நமக்கு உதவ வந்த தேனீயைத்தான் அது பாதிக்கும். இலை பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாகி, சுருங்கி, காயில் முண்டு முண்டாக வந்தால் அது தேமல் வைரஸ் நோய். அதற்கு மருந்து இல்லை. மனம் வராவிட்டாலும் அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், பக்கத்துச் செடியாவது பிழைக்கும்.

பறிப்பது

இத்தாலிய மொழியில் சுக்கா என்றால் பூசணி, சுக்கினி என்றால் சின்னஞ்சிறு பூசணிகள். பெயரிலேயே பறிக்கும் பக்குவம் இருக்கிறது. மகரந்தம் சேர்ந்த ஐந்தாறு நாளில் காய் 15 முதல் 20 செண்டிமீட்டர் நீளம் வந்துவிடும். நகம் சுலபமாக இறங்கும் பருவம் அது. கத்தியால் காம்போடு வெட்டுங்கள்; திருகினால் தண்டு கிழியும். காய்க்கிற நாட்களில் ஒன்றுவிட்டு ஒரு நாளாவது இலைகளை விலக்கிப் பாருங்கள். நான் ஒரு முறை நான்கு நாள் வெளியூர் போய்த் திரும்பியபோது முழங்கை நீளத்தில் ஒரு காய் இருந்தது. அதற்கப்புறம் அந்தச் செடியில் ஒன்பது நாள் ஒரு பெண் பூவும் இல்லை. விதை முற்றத் தொடங்கினால் செடிக்கு அதன் வேலை முடிந்த மாதிரி.

கடைசியாக ஒன்று, இதை மறக்காதீர்கள். முதல் காயை வெட்டியதும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, அந்தச் செடியின் காய் எதையும் சாப்பிடாதீர்கள். குக்குர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள் அந்தக் கசப்புக்குக் காரணம், வேகவைத்தாலும் அது போகாது. 2015ல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்துபோனார். பக்கத்தில் அலங்காரப் பூசணி இருந்து, அதன் மகரந்தம் சேர்ந்த காயிலிருந்து விதை எடுத்து விதைக்கும்போதுதான் இந்த ஆபத்து கூடுதல். இந்த வருடக் காயை அந்த மகரந்தம் கெடுக்காது. உள்ளே இருக்கும் விதையில்தான் கலப்பு இருக்கும். அதனால் நான் சுக்கினிக்கு மட்டும் விதை சேமிப்பதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்குகிறேன்.

ஒரு செடி காய்க்கத் தொடங்கியபின் இரண்டு மாதம் நன்றாக ஓடும், அப்புறம் தளரும். முதல் செடி காய்க்கத் தொடங்கும் வாரத்திலேயே இன்னொரு தொட்டியில் அடுத்த விதையை ஊன்றிவிடுங்கள். பழைய தொட்டி மண்ணில் உடனே வெள்ளரியோ பூசணியோ வைக்காமல் கீரை அல்லது அவரை போடுங்கள்.